நன்றிப் பக்கம்

— அழிக்க மாட்டேன், எட்மண்ட். நாப்பது டிஸ்க்கும் இன்னிக்குப் பூசை முடிஞ்சதும் கொடுக்கத்தான் போறேன்.

— மெதுவா லா, ஜோசி. ஃபாதர் இன்னும் பிரசங்கத்துல இருக்காரு.

— இருக்கட்டும். ஏழு மாசம் நான் எழுதின தமிழ் சிஸ்டம். யாரு வேணா காப்பி எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். உங்க கம்பெனிக்கு எங்க வலிக்குது?

— நீ எழுதினதை யாரும் கேக்கல. அந்த ஒரு ஃபைல்தான். எங்க திரைக் கார்டுக்குள்ள போற புரோகிராம். அதை மட்டும் எடுத்துடு.

— அது உள்ள போகலேன்னா கார்டே முழிக்காது! கறுப்புத் திரைய வச்சு சாயங்கால வகுப்புல என்னத்தைச் சொல்லித் தர்றது? போன வாரம் பூவம்மா அக்கா தன் பேரைத் தமிழ்ல பார்த்துட்டு அரை மணி நேரம் அழிக்கவே விடல.

— கார்டு வாங்கினவங்க ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டா ஒரு காப்பி கிடைக்கும். அவங்க இன்னொருத்தருக்குக் கொடுக்கக் கூடாது. அதான் லைசென்ஸ்.

— அக்கா கைநாட்டு. நாலு பக்கம் இங்கிலீஷ் படிச்சுக் கையெழுத்துப் போடுவாங்களா? நீதானேடா அதை எழுதின?

— நான்தான் எழுதினேன். என்னோடது இல்ல.

— தேக்கா காப்பிக் கடையில என் கையில கொடுத்தப்ப யாரோடது?

— அப்பவும் கம்பெனியோடதுதான். நீ கேட்ட. கொடுத்துட்டேன்.

— இப்ப அவனுங்களுக்கு வக்காலத்து. எங்கப்பா போர்ட்ல மூட்டை தூக்கினாரு. எங்க வீட்டுல டிகிரி வாங்கின முதல் ஆளு நான். திருட்டுத்தனமா ஒண்ணும் செய்யல. அனுமதி கேட்டு லெட்டரோட ஒரு டிஸ்க்கும் உங்க மேனேஜருக்கே அனுப்பினேன். நீ இப்படி அவனுங்க முன்னால இளிச்சவாயா நிப்பேன்னு தெரிஞ்சிருந்தா முதல் பக்கத்துல உனக்கு நன்றி போட்டிருக்கவே மாட்டேன்.

— நீ அதை அழிச்சா உன்மேல கேஸ் போட மாட்டாங்க. எழுதி வாங்கிட்டேன்.

— என்னத்தை எழுதிக் கொடுத்து வாங்கின?

— உனக்கு ஒண்ணும் தெரியாது, நானாத்தான் கொடுத்தேன்னு.

— பைத்தியமா உனக்கு? இரு... ஃபாதர் கல்யாண ஓலை வாசிக்கறாரு. மூணு ஜோடி வாசிச்சுட்டாரு. நம்ம பேரு எங்க?

— வராது. காலையில ஃபாதரைப் பார்த்து எடுக்கச் சொல்லிட்டேன்.

— நம்ம கல்யாண ஓலையவா? என்னைக் கேக்காமலா?

— வெள்ளிக்கிழமை என்னை வேலையை விட்டு எடுத்துட்டாங்க, ஜோசி. கேஸ் என்மேல வரும். ஈசூன்ல வீடு கேட்டு நாம சேர்ந்து போட்ட ஃபாரத்துலயும் என் பேரை அடிச்சுடு. கோர்ட்டுக்குப் போறவன் பேரு உன் பேருக்குப் பக்கத்துல வேணாம்.

— எவன் போட்டுக் கொடுத்தான்? அழகப்பனா? உன் சீட்டு மேலயே கண்ணு அவனுக்கு. சொல்லு, இப்பவே போய் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன். ஃபைல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு உனக்கும் எனக்கும்தானே தெரியும்?

— அழகப்பன் பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

— அப்ப யாரு? பேரைச் சொல்லுடா!

— நீ அனுப்பின டிஸ்க்கை மேனேஜர் மெஷின்ல போட்டாரு. முதல் பக்கம் வந்துச்சு.