செய்தவன் ஏற வேண்டும்

பசை என்றால் எல்லோருக்கும் ஓர் இளக்காரம்தான், சார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் படம் ஒட்டுகிற சமாசாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கார்பன் ஃபைபரில் அப்படியில்லை. போல்ட் போடத் துளைத்தால் உள்ளே ஓடுகிற இழை அறுந்துபோகும். பசை போட்டு ஒட்டினால் இழைக்குச் சேதமில்லை, பாரமும் முழு இடத்துக்கும் பரவும். ஆனால் ஒட்டுகிற இடம் சுத்தமாக இருக்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம். படலமாகப் பரவினால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எங்கேயோ பிசுக்கு இருக்கிறது.

செத்துப்போன ஜெரியும் நானும் சேர்ந்துதான் இதைக் கற்றுக்கொண்டோம். திருவொற்றியூரில் எங்கள் பட்டறை. இருவரும் ராயபுரத்தில் ஒரே தெரு. அவன் மகளுக்கு ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்றவன் நான்தான். கப்பல் பக்கவாட்டில் தொங்கிப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு, இரும்புக் கூண்டுக்குப் பதிலாகக் கார்பனில் லேசான கூண்டு செய்யலாம் என்பது என் யோசனை. கிரேனில் மாட்டுகிற மேல்கொக்கியைக் கூண்டோடு சேர்க்க வழி தேடி மண்டையை உடைத்துக்கொண்டதும் நான்தான்.

வாங்க வந்த கம்பெனிக்காரர்களிடம் ஜெரி சொன்னான்: "ஃபுல்லா என் ஐடியா சார். லூயிஸு கூடமாட ஹெல்ப்பு பண்ணிக்கினு கீறான்."

நான் அவர்களுக்கு டீ கொண்டுபோயிருந்தேன். தட்டை வைத்துவிட்டு வந்தேன். கூடப் பிறந்தவன் முதுகில் குத்தியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. சாயங்காலம் கேட்டேன்.

"அட வுடு மாமு, ஒரு பேச்சுக்கு சொன்னேன். இதுக்குப் போயி பேஜாராவுற" என்றான். சிரித்தான் வேறு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. படகானாலும் ஏணியானாலும் செய்தவன்தான் முதலில் ஏற வேண்டும். இந்தக் கூண்டைத் தான் செய்ததாக அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அப்படியானால் ஏற வேண்டியவன் யார்? நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

கொக்கியை ஒட்டுகிற வேலையை வழக்கம்போல் என்னிடம் விட்டான். தேய்த்தேன், துடைத்தேன். பிறகு, வார்த்த பாகம் அச்சில் ஒட்டாமல் கழன்று வரப் பூசுகிற மெழுகு இருக்கிறதே, அதைத் துணியில் தொட்டு அந்த இடம் முழுக்கப் பூசினேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முத்து முத்தாக நின்றது. ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டுப் பசை போட்டு மூடினேன். வெளியிலிருந்து பார்க்க நல்ல வேலைதான்.

கம்பெனிக்காரர்கள் முன்னால் கூண்டை கிரேனில் மாட்டினோம். ஜெரி ஏறினான். இடுப்பு பெல்ட்டைக் கூண்டுக் கம்பியிலேயே கோத்துக்கொண்டான். கிரேன் மெதுவாகத் தூக்க ஆரம்பித்தது. அவர்களுடைய இன்ஜினியர் செங்கொடி, "எதுக்கும் ரெண்டு போல்ட் போட்டிருக்கலாமே" என்றார்.

ஜெரி கூண்டிலிருந்து குரல் கொடுத்தான்: "வேணாம் மேடம். ஒட்னது என் தோஸ்து லூயிஸு. கூண்டே அவன் ஐடியாதான். அன்னிக்கி நான் சும்மா பீலா வுட்டேன்."

கூண்டு அப்போது ஆள் உயரம்கூட எழும்பவில்லை. நான் கையைத் தூக்கியிருந்தால் கிரேன்காரர் நிறுத்தியிருப்பார். ஆனால் அத்தனை பேர் முன்னால் என் பெயரைக் கேட்க நன்றாக இருந்தது, சார். இன்னொரு முறை சொல்வான் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.