ரத்தம் ஏறிட்டு

— ஹீமோகுளோபின் பன்னெண்டே கால், ஏளா சித்ரா. போன தடவ வெறும் ஏழு. ரத்தம் ஏறிட்டு, கேட்டியா. வண்டியவிட்டு எறங்கு, காந்திமதி அம்மனப் பாத்துட்டு வீட்டுக்குப் போவோம்.

— நீங்க போய்ட்டு வாங்க அத்தான். நான் இங்கன கோயில் வாசல்லயே நிக்கேன். முடியல.

— ஏழு இருந்தப்ப முடியலன்ன, சரி. மாசாமாசம் ரத்தமா கொட்டிச்சு. கர்ப்பப்பைய எடுத்தாச்சு, முருங்கக்கீரையா தின்னாச்சு. இப்ப என்ன முடியல?

— தெரியல.

— மூச்சு வாங்குதா?

— அப்ப மாடி ஏறினா வாங்கும். இப்ப வாங்கல.

— பெறவு?

— ஏறணும்னே தோணல.

— தைராய்டும் பாத்தாச்சு, சக்கரையும் பாத்தாச்சு. டாக்டரம்மாவே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாங்கள்லா, மகேஸ்வரன் சார், உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னு.

— அதக் கேட்டதும்தான் எனக்குப் பயமாயிட்டு.

— நல்ல சேதி கேட்டுப் பயப்படுத ஆள இப்பத்தான் பாக்கேன். சரி, இந்தா பிச்சிப்பூ. ஒனக்குன்னு மொட்டாப் பாத்து வாங்கினேன். கையிலயே வச்சிருந்தா எப்படி, தலையில வை.

— ம்.

— ஏன், வாசம் தெரியலியா? கொரோனா கிரோனா வந்திருக்குமோ?

— வாசம்லாம் தெரியுது அத்தான். முன்னால பிச்சி வாசம் வந்தா நெஞ்சுக்குள்ள என்னமோ செய்யும். இப்ப மூக்கோட நின்னுருது.

— என்னமோ சொல்லுத போ. போன மாசம் நம்ம மக ப்ரீதாவுக்கு வேல கெடச்சிருக்குன்னு போன் வந்தப்ப சிரிச்சியே?

— நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்கள்லா. அதான் சிரிச்சேன்.

— எனக்கு ஒண்ணும் வெளங்கல சித்ரா. ஒடம்புல இருந்தா இன்ன எடம்னு டாக்டர்ட்ட காட்டலாம். இது எங்கன இருக்கு?

— நானும் அதத்தான் தேடுதேன்.

— எப்ப இருந்து?

— அதுவும் தெரியல. ரத்தம் போறதுக்கு முன்னாலயே இருந்துச்சோ, கூடவே வந்துச்சோ. ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்து கெடந்துச்சு. ரத்தமில்லாதவ, படுக்கட்டும்னு எல்லாரும் விட்டாங்க. ஒங்க அக்காகூட காப்பி போட்டுக் கொண்டாந்து தந்தாங்க. இனி என்னத்தச் சொல்லிப் படுக்க?

— அழாத ஏளா, ஆளுக பாக்காங்க. நம்ம தெரியாம முழிச்சா என்ன, அம்மனுக்குத் தெரியாமலா இருக்கும்? ரத்தம் ஏறினா வளையல் சாத்துதேன்னு வேண்டிக்கிட்டேன், ஏத்திட்டால்லா. இதையும் அவகிட்டயே சொல்லுவோம். பைய வா, நான் கையப் பிடிச்சுக்கிடுதேன். அவ மொகத்த ஒரு தடவ பாரு.

— அவ மொகத்தத்தான் பாக்க முடியல அத்தான்.

— ஏன்? அவ ஒன்ன என்ன செஞ்சா?

— காலையில ரிசல்ட் வாங்கப் பொறப்படும்போது, அடுக்களையில நின்னு நானும் அவகிட்ட வேண்டிக்கிட்டேன். ரத்தம் ஏறியிருக்கக் கூடாதுன்னு.