அறுபது நாள்

வெளிநாட்டில் குடியேற, அந்த நாட்டு மாநில அரசு ஸ்பான்சர் செய்தால் விசா சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்க, எங்கள் தெருவில் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் விண்ணப்பங்களை நகலெடுத்து நகலெடுத்தே பாதிச் சட்டம் படித்துவிட்டேன். 'எம்பசி' என்று பட்டப்பெயரும் உண்டு. எம்பசியிடம் பாஸ்போர்ட் கிடையாது. அது வேறு கதை.

கிடைக்கும் என்பதே என் பதில். தனியாகப் போட்டால் நீள வரிசை. மாநிலம் கைகாட்டினால் வரிசை சுருங்கும். ஒரே நிபந்தனை, அழைப்பு வந்த அறுபது நாளுக்குள் சம்மதம் சொல்லிவிட வேண்டும். பக்கத்துப் பட்டறை வெல்டர் என் பேச்சைக் கேட்டு ஏழே மாதத்தில் விமானம் ஏறிவிட்டார்.

என் தங்கையிடம் மட்டும் கிடைக்காது என்றேன்.

அவள் நர்ஸ். அப்பா பக்கவாதத்தில் விழுந்த பிறகு, அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் துடைப்பது எல்லாம் வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவள்தான். நானும் சும்மா இருக்கவில்லை. அப்பாவுக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவேன். "எதுக்கும் மாநிலத்துக்கும் சேர்த்துப் போட்டு வைண்ணா" என்றாள். போட்டேன். கடிதங்கள் என் மின்னஞ்சலுக்குத்தான் வரும்.

முதல் அழைப்பு வந்த அன்று அவள் அப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதாச்சும் வந்துச்சாண்ணா?"

"எங்க? மாநிலம்னு போனா இன்னும் இழுத்தடிப்பாங்கம்மா. நான்தான் அப்பவே சொன்னேனே."

"எம்பசியே சொல்லியாச்சு, அப்புறம் அப்பீல் ஏது" என்று சிரித்தாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச்சு வராது. நல்லவேளை.

நான் எதையும் அழிக்கவில்லை, பாருங்கள். ஒரு பொத்தானை அழுத்தாமல் இருந்தேன், அவ்வளவுதான். அறுபது நாளும் தன்பாட்டுக்குக் கழிந்தன. இரண்டு வருடம் கழித்து வேறொரு மாநிலம் அழைத்தது. அந்த அறுபதும் கழிந்தன. அப்போது அவளுக்குக் காய்ச்சல். என் கையாலேயே மாத்திரை கொடுத்தேன். எனக்கு இளகிய மனசு, அடுத்தவர் கஷ்டப்பட்டால் தாங்காது.

நாற்பத்தைந்து வயதோடு அந்த விசாவின் கதவு மூடிவிடும். நேற்று அவளுக்கு நாற்பத்தைந்து. கேக் வாங்கி வந்தேன். "மொத துண்டு உனக்குத்தாண்ணா. எனக்காக எவ்வளவு அலைஞ்சே" என்று ஊட்டிவிட்டாள். தொண்டையில் சிக்கிக்கொண்டது. தண்ணீரும் அவளே கொடுத்தாள்.

தவறு என்றால் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கென்று எதையும் செய்யவில்லை. படுக்கையில் கிடக்கும் அப்பாவை விட்டுவிட்டு ஒரு மகள் போய்விட்டால் அவர் கதி என்ன? வீட்டில் யாராவது ஒருவர் யோசிக்க வேண்டாமா?

மூன்றாவது அழைப்பு போன வருடம் வந்தது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டிவிட்டு, "ஏதாச்சும் வந்துச்சாண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அதுவும் அப்பாவுக்காகத்தான்.