புதன்கிழமை வரை மழை இல்லை

ஐவின்: ...ஆகவே, பேர்கன் மாநகரத்து மீனவப் பெருமக்களுக்கும், குடை வியாபாரிகளுக்கும், சட்டையில்லாமல் புல்வெளியில் கிடக்கும் அன்பர்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், இன்று மாலைக்குள் மழை வரும்!

ரான்டி: உக்காருய்யா. காபி மெஷினுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய அறிவிப்பு?

ஐவின்: ஒத்திகை. வானிலை நிலையத்தோட மூத்த ஆராய்ச்சியாளன் நான். கூட்டத்துல இயக்குநர் முன்னாடி கம்பீரமா சொல்லணும்ல.

ரான்டி: வெளிய பாரு, வெயில் பல்லைக் காட்டுது. உயர் காத்தழுத்தம் ஊர் தலைக்கு மேல சப்பணம் போட்டு உக்காந்துக்கிட்டு, கடல்லேர்ந்து வர்ற மழையை எல்லாம் அந்தப் பக்கமே திருப்பி விடுது. தடுப்புன்னா இதான்யா தடுப்பு.

ஐவின்: கிடையாது. என் விதிப்படி அஞ்சு நாள் ஒரே இடத்துல நின்னாத்தான் தடுப்பு. இன்னிக்கு நாலாவது நாள்தான், எப்ப வேணா உடையும்.

ரான்டி: அப்ப எனக்கு ஊத்துற இந்த வேர்வை...?

ஐவின்: விதிக்கு உட்படாத வேர்வை.

ரான்டி: இது உருவாகுறதுக்கு முன்னாடியே நம்ம ஆபீஸ் பொண்ணு தீரில் கண்டுபுடிச்சிட்டாளே. கம்ப்யூட்டர் மாடலை அம்பது தடவை ஓட்டிப் பாத்து, புதன்கிழமை வரைக்கும் நகராதுன்னு...

ஐவின்: பேச்சுல வந்துட்டா மகராணி! ரேடியோவுல அவ. பேப்பர்ல அவ. அதுவும் படகுல நின்னுக்கிட்டு, முடி பறக்க. காத்தே இல்லாத நாள்ல முடி எப்படிப் பறந்துச்சு? அதை எவனாவது ஆராய்ச்சி பண்ணுனானா?

ரான்டி: வயிறு எரியுதா?

ஐவின்: எனக்கா? சேச்சே... வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல குடுக்குற வாஃபிளுக்கு அவ தட்டுல மட்டும் இயக்குநர் பழுப்புச் சீஸ் ரெண்டு துண்டு வைக்கிறார். இருபது வருஷமா அந்த விதியைக் கட்டி மேய்ச்ச எனக்கு ஒண்ணு. மத்தபடி எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

ரான்டி: திங்கள் வரைக்கும் இது நின்னுட்டா, உன் விதியைக் கழட்டிட்டு அவ முறையை ஏத்திடுவாங்க. தெரியும்ல?

ஐவின்: நிக்காது! சாயங்காலத்துக்குள்ள உடையும்.

ரான்டி: நிஜமாவே நம்புறியா?

ஐவின்: நம்... என்ன கேள்வி இது? இருபது வருஷம், ரான்டி!

ரான்டி: அப்புறம் ஏன் காலைலேர்ந்து அவ வரைபடத்தையே திறந்து திறந்து பாக்குற?

ஐவின்: எதிராளி என்ன பண்றான்னு பாக்க வேணாமா?

ரான்டி: கையில என்ன கீறல்?

ஐவின்: பூனை.

ரான்டி: உன் வீட்டுல ஏது பூனை?

ஐவின்: பக்கத்து வீட்டுது. பேச்சை மாத்தாத.

ரான்டி: சரி விடு. ஆமா... மேற்க கொஞ்சம் இருட்டுற மாதிரி இல்ல?

ஐவின்: எங்க? இல்ல... இல்லவே இல்ல!

ரான்டி: இருட்டுனா நீ குதிக்கணும்யா. ஏன் பதறுற?

ஐவின்: யாரு பதறுறா?

ரான்டி: வெயிலைக் கண்டதும் ஊரே வீட்டுக்குப் பெயின்ட் அடிக்குது. என் புருஷன் ஏணியை விட்டு இறங்க மாட்டேங்குறான். நீ ஒரு வேலையும் எடுக்கலையா?

ஐவின்: நானா? என் கணிப்புக்கு நானே துரோகம் பண்ணுவேனா?

ரான்டி: ஃபோன் அடிக்குது பாரு. பெரித். உன் பொண்டாட்டி.

ஐவின்: அடிக்கட்டும்.

ரான்டி: ...ஐவின், ஜன்னலைப் பாரு.

ஐவின்: வேணாம். நீயே சொல்லு.

ரான்டி: மழை! கொட்டுதுய்யா! உடைஞ்சே போச்சு! நீ ஜெயிச்சிட்ட! ஐயோ, தீரில் மூஞ்சியை இப்பப் பாக்கணுமே... என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்குற?

ஐவின்: ஃபோன் அடிக்குதா பாரு.

ரான்டி: மறுபடியும் பெரித்துதான். எடு, பாராட்டக் கூப்பிடுறா.

ஐவின்: பாராட்ட இல்ல. வீட்டுக்குள்ள மழை பெய்யுதுன்னு சொல்ல.

ரான்டி: வீட்டுக்குள்ளயா?

ஐவின்: புதன்கிழமை வரைக்கும் மழை இல்லைன்னு தீரில் சொன்னாளேன்னு, நேத்து கூரையைப் பிரிச்சிட்டேன்.