வேரில் கொட்டிய ஐஸ்

— கனகம், பூச்சாடிக்குள்ள ஐஸ் போட்டது ஆர்?

— நான்தான். பின்னை நேவிக்காரனோ வந்து போடுவான்?

— எங்கால ஐஸ்?

— அண்ணன்ர மீன் வாடியில. கடலுக்குப் போக ஏலாது எண்டு நேவிக்காரங்கள் தடை போட்டிருக்கிறாங்கள்தானே. மீன் இல்லை, ஐஸ் சும்மா கிடந்து உருகுது. ஒவ்வொரு நாளும் ஒரு வாளி கொண்டுவந்து வேரில கொட்டினனான்.

— ஏனடி?

— சாகட்டும் எண்டுதான்! மீனே விறைச்சுக் கட்டையாப் போகுது, செடி தாங்குமோ?

— பொறு, பொறு. இந்தச் செடி உனக்கு என்ன செய்தது?

— கேக்கிறியளே! கலியாணம் முடிச்ச நாளில இருந்து, விடிஞ்சா என்ர முகத்தையோ பாக்கிறியள்? அதுக்குத் தண்ணி, அதுக்குப் பந்தல், அதுக்கு ஈரச்சாக்கு. எனக்குக் காய்ச்சல் வரேக்க ஒரு ஈரத்துணி போட்டனீங்களோ?

— போட்டனான்தானே...

— அது அண்ணி போட்டவ! நீங்கள் முத்தத்தில சாக்கு நனைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்.

— மலைக்காட்டுச் செடியடி. மகாரத்மல். திருகோணமலைச் சூட்டில கருகிப்போகும்.

— தெரியும். நுவரெலியாவில வேலை செய்யேக்க நீங்கள் காசு குடுத்துச் சாப்பிட்ட வீட்டுக்காரியின்ர மகள் தந்தது. செல்வராணி. பேரும் தெரியும்! வாற வழியில ஆமிக்காரன் குண்டு இருக்கோ எண்டு சாடி மண்ணுக்குள்ள கம்பி விட்டுக் குத்த, நீங்கள் அழுதனீங்களாம். எனக்காக ஒருக்காலாவது அழுதிருக்கிறியளோ?

— கத்தாதை. உன்ர ஐஸ் செய்த வேலையை வந்து பார்.

— பட்டுப்போச்சோ?

— மொட்டு விட்டிருக்கு. ஒண்டு விரிஞ்சும் போச்சு. நல்ல சிவப்பு.

— ஐயோ! பூத்திட்டுதோ?

— மலைக்குளிர் எண்டு நினைச்சிட்டுது போல.

— பிறகென்ன, துள்ளிக் குதியுங்கோவன்! ஏன் முகம் வெளிறிக் கிடக்கு?

— கனகம், இதைத் தரேக்க அவள் என்னட்டச் சத்தியம் வாங்கினவள். பட்டுப்போனா நேரில வந்து சொல்லோணும். பூத்தா, வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகோணும்.

— அதுக்குத்தானோ இவ்வளவு நாளும் பாத்துப் பாத்து வளத்தனீங்கள்?

— இல்லையடி, அவளிட்டப் போகாமல் இருக்கத்தான். சாகவும் விடாமல், பூக்கவும் விடாமல். இந்தச் சூட்டில ஒருக்காலும் பூக்காது எண்டு நம்பித்தான் உன்னைக் கட்டினனான்.