சோணைக்கு விழுந்த கூறு

உச்சிப்பொழுது. அமராவதிபுதூரிலிருந்து வடக்கே போகிற வண்டித்தடம். ஈ, காக்கை கிடையாது... கள்ளிச்செடிகூடத் தன் நிழலைக் காலடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டு நிற்கிற நேரம்.

"பேய்க் கதைக்குப் பட்டப்பகலா?" என்று சிரிக்கிறாள் விசாலம். சிரி, தாயி. ராத்திரியில் வருகிற பேய்க்கு விளக்கை ஏற்றி வைக்கலாம். பகலில் வருவதற்கு எதை ஏற்றுவாய்? நெருங்கி உட்காருங்கள். கையைப் பார்த்து நறுக்குங்கள். விடிந்தால் கல்யாணம், பூசணிக்காய்க் கூட்டில் விரல் கிடந்தால் சம்பந்திக்கு நான் பதில் சொல்ல முடியாது.

இது என் சிநேகிதி அன்னக்கிளியின் சித்தி மகள் பொன்னுத்தாயி விசயம். காரைக்குடிக்கு இன்னும் ரயில் வராத காலம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆடு வெட்டுகிற செம்மலைக்குக் கள் உள்ளே போனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கள்ளுக்கு யார் காசு கொடுத்தது என்று கேட்காதீர்கள்.

அந்தத் தடம் போய் நிற்கிற இடம் இரட்டைச்சுனைக் குன்று. ஏற்றம் என்று ஒன்றும் பெரிதாகக் கிடையாது. கைப்பிள்ளைக்காரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறுவாள். முட்டி வலி என்று வீட்டில் குடத்தைத் தொடாத மாமியார்களெல்லாம் அங்கே முதல் ஆளாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் கீழ்ச்சுனை, ஆம்பல் பூத்துக் கிடக்கும். கூப்பிடு தூரம் ஏறினால் மேல்சுனை. கோடையிலும் வற்றாது. அந்தப் பாறையில் நின்றால் கொத்தமங்கலத்து மாடிவீடுகள் வரிசையாகத் தெரியும். காற்று... அப்படி ஒரு காற்று.

வருசம் ஒரு தடவை, அறுப்பு முடிந்ததும், பங்காளிகள் கூடிக் கீழ்ச்சுனையில் கருப்பருக்கு ஆடு வெட்டுவார்கள். அவரவர் கறியை அங்கேயே ஆக்கித் தின்ன வேண்டும். ஒரு துண்டுகூட மலையை விட்டு இறங்கக் கூடாது. கறியைப் பனையோலையில் கூறு போட்டதும், குடும்பத்து மூத்தவர் முதுகு காட்டித் திரும்பி நிற்பார். வெட்டினவன் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். முதுகு காட்டுகிறவர் ஒரு பேரைச் சொல்வார். எலும்போ ஈரலோ, சொன்ன பேர் சொன்னதுதான். நல்ல கறியைத் தனக்கு ஒதுக்கிக்கொண்டார் என்று நாளைக்கு ஒருவன் பேசக் கூடாதல்லவா?

இருளாண்டி அண்ணன். சோணை தம்பி. சோணை இடக்கையன், ஒரு முடிச்சுப் போட்டால்கூட மற்றவர்களுக்கு நேர்மாறாக விழும். பொன்னுத்தாயி அவன் பெண்சாதி. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவில் ஒரே கிணறு. தண்ணீர் இறைக்கிற முறைக்காக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்காத நாள் கிடையாது.

முந்தின வருசப் படையலன்று சோணை மேல்சுனையில் செத்துக் கிடந்தான். பாசியில் வழுக்கிவிட்டான் என்றார் இருளாண்டி. கூட இருந்தது அவர் ஒருவர்தான். குப்புற விழுந்தவனுக்குப் பின்மண்டை மூன்று இடத்தில் பிளந்து கிடந்தது. கெட்டிக்காரப் பாசி!

ஊர் என்ன செய்தது? எழவுச் சோறு தின்றது. சாவு வீட்டு வழக்கப்படி இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போனது. பொன்னுத்தாயி மட்டும் ஒரு வருசமாகப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாரு?" எல்லோருக்கும் அவசர வேலை இருந்தது.

அடுத்த வருசம் பங்காளிகள் யாரும் வரவில்லை. ஒருத்தனுக்குக் காய்ச்சல், ஒருத்தனுக்கு மாடு கன்று போடுகிறது. போனது நாலு பேர். இருளாண்டி, அவர் சம்சாரம் அம்மாக்கண்ணு, பொன்னுத்தாயி, வெட்டுவதற்குச் செம்மலை.

சதக்... ஒரே வெட்டு. ஆட்டின் உடம்பு கால் உதைத்துக்கொண்டு கிடக்க, தலை தனியாக வாயைத் திறந்து மூடியது. ரத்தம் பாறையில் ஓடி ஆம்பல் இலைமேல் சொட்டியது. தீயில் வாட்டின ரோமத்தின் நாற்றம். செம்மலை நாலு கூறு போட்டான். கடைசிக் கூறில் தலையை வைத்தான். இருளாண்டி திரும்பி நின்றார்.

"இது யாருக்கு?"

"அம்மாக்கண்ணுக்கு."

"இது யாருக்கு?"

"பொன்னுத்தாயிக்கு."

"இது?"

"உனக்குத்தான்டா, செம்மலை."

மிச்சம் ஒரே கூறு. ஒரே ஆள். செம்மலை ஆட்டுத்தலையைத் தொட்டான். "இது யாருக்கு?"

"சோணைக்கு."

காற்று நின்றது... இத்தனை வருசம் தம்பி பேரைச் சொல்லிப் பழகின நாக்கு. அன்றைக்கு நிஜமாகவே வழுக்கிவிட்டது.

செம்மலை முழித்தான். "மாமா, அது உங்க கூறுல்ல? மாத்திச் சொல்லுங்க."

"மாத்தப்படாது," என்றாள் பொன்னுத்தாயி. அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "கருப்பரு காதுல விழுந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு கெடந்த எடத்துல கொண்டுபோயி வச்சுட்டு வாங்க, பெரிய மச்சான். எடம் உங்களுக்குத்தானே தெரியும்?"

"பொழுது கொஞ்சம் சாயட்டும்."

"கைப்பிள்ளைக்காரி ஏறுற மலை. எதுக்குப் பயப்படுறீக?"

"எவடி பயந்தது?" என்று இருளாண்டி ஆட்டுத்தலையை ஓலையில் சுருட்டிக்கொண்டு ஏறினார். மீசை மட்டும் முன்னால் போனது, கால்கள் பின்னால் வந்தன என்பான் செம்மலை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தட்டான்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறந்தன. பிறகு மேலே ஒரு கத்தல்... பாதியில் அறுந்தது.

அப்புறம், சதக்.

சதக்... சதக்... நறுக்.

வெட்டுகிறவனுக்குச் சத்தம் தெரியாதா? அது இடுப்பு மூட்டைப் பிரிக்கிற சத்தம். செம்மலை தன் வெட்டுக்கத்தியைப் பார்த்தான். காலடியில் கிடந்தது. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து ஒரு குரல். தொண்டை கட்டின மாதிரி, கரகரவென்று... ஒரு வருசமாக யாரும் கேட்காத குரல்.

"இது யாருக்கு?"

அம்மாக்கண்ணும் செம்மலையும் மேல்சுனையைப் பார்த்தபடி சிலையாக நின்றார்கள். அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது ஒருத்திதான். அடுப்பை ஊதிக்கொண்டே, திரும்பாமல், பொன்னுத்தாயி சொன்னாள்.

"நரிக்கு."

சதக். "இது யாருக்கு?"

"பருந்துக்கு."

நறுக்... நறுக். "இது?"

"எறும்புக்கு."

அம்மாக்கண்ணு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "வேணாம் தாயி! பெரிய மச்சான் பேரைச் சொல்லு! ஒரு கூறையாவது அவருக்கே குடுக்கச் சொல்லு!"

"எங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாரு?"

"தாயி..."

"எப்படி?"

"மண்வெட்டியால... தண்ணி குடிக்கக் குனிஞ்சப்ப... மூணு போடு. எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி, அன்னைக்கே தெரியும்..."

பொன்னுத்தாயி புகையைக் கையால் விலக்கினாள். அவ்வளவுதான். ஒரு வருசம் கேட்டதற்குக் கிடைத்த பதில்.

மேலே குரல் காத்திருந்தது. "இது யாருக்கு?"

"எனக்கு," என்றாள்.

சத்தம் நின்றது. காற்று வீசியது. அருமையான காற்று.

செம்மலை விழுந்தடித்து ஏறினான். பாறை கழுவி விட்டது போல ஈரம். அதில் புதுசாக வெட்டுத் தழும்புகள், கறிக்கட்டையில் விழுகிற மாதிரி. சுனைத் தண்ணீர் நடுவில் கலங்கிச் சிவந்திருந்தது. பட்டப்பகலில் ஒரு நரி புதருக்குள்ளிருந்து வாயை நக்கிக்கொண்டு அவனையே பார்த்தது. பருந்து ஒன்று நீளமாக எதையோ கவ்விக்கொண்டு எழும்பியது. எறும்புச் சாரை ஒன்று, விரல் கனத்துக்கு. அதன் கடைசியில் கடுக்கனோடு ஒரு காது நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்டுத்தலை மட்டும் ஓலையில் வைத்தது வைத்தபடி. சோணை தன் கூறைத் தொடவே இல்லை.

அவன் இறங்கி வந்தபோது அடுப்பு ஓரத்தில் ஒரு ஓலைக்கட்டு இருந்தது. அது அவன் கட்டினதல்ல. முடிச்சு நேர்மாறாக விழுந்திருந்தது. பொன்னுத்தாயி அதை எடுத்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டு மலையிறங்கினாள். மலைக் கறி இறங்கக் கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. வழி நெடுகச் சொட்டியதாம். உள்ளே என்ன என்றும் யாரும் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

சிறுத்தை அடித்தது என்று ஊர் பேசி முடித்தது. சிறுத்தை ஓலையில் முடிச்சுப் போடுமா? அதையும் யாரும் கேட்கவில்லை.

அன்று விளக்கு வைத்த பிறகு பொன்னுத்தாயி வீட்டில் மிளகும் சீரகமும் வறுத்து அரைக்கிற வாசனை. பக்கத்து வீட்டு அன்னக்கிளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நெருப்பு வாங்குகிற சாக்கில் கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு போய், கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். அவளைத் திட்டாதே விசாலம், நீயும் பார்த்திருப்பாய்.

பொன்னுத்தாயி தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெதுவாக, எலும்பைக் கடித்து, உறிஞ்சி... வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அவளுக்கு எதிரே இன்னொரு இலை போட்டிருந்தது.

அது சாப்பிட்டு முடித்த இலை. மடித்திருந்தது... வெளிப்பக்கமாக.