மெத்தைக்கு அடியில் வேட்டி

மயிலாடுதுறையிலிருந்து குத்தாலம் போன மதிய பஸ்ஸில் அன்று இருந்தவர்கள் டிரைவர், கண்டக்டர், முன் சீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கணவன் மனைவி, அவர்களுக்குப் பின்னால் நான்.

"நம்ம பொண்ணு கப்பல் டூர் அனுப்பினது என்னையா, உங்க வேட்டியையா?" என்றார் அந்த அம்மாள்.

"கசங்கின வேட்டியோட நாலு பேர் முன்னாடி உக்காரச் சொல்றியா?"

"அங்க எல்லாரும் அரை டவுசர்ல திரிஞ்சாங்க. உங்களை யாரு பார்த்தா?"

"நீதான அயர்ன் பாக்ஸ் எடுத்துட்டு வந்த."

"அதத்தான் தீப்பிடிக்கும்னு ஏறும்போதே வாங்கி வச்சுக்கிட்டாங்களே. அப்பவாவது விட்டீங்களா? பாத்ரூம்ல தொவைச்சேன். சாப்பாட்டு ஹால்லேருந்து சோத்த டம்ளர்ல எடுத்துட்டு வந்து, கரைச்சுக் கஞ்சி போட்டேன். மடிப்பு நிக்கணும்னு அரை ஈரத்துல மெத்தைக்கு அடியில வச்சு, ராத்திரி பூரா பொரளாம படுத்துக் கெடந்தேன்."

"கப்பல் லாண்டரியிலேயே போட்டிருக்கலாம்ல."

"ஒரு வேட்டிக்கு நானூறுன்னாங்க. வேணாம்னது யாரு?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு முற்றி, இறங்கும் இடத்தை விட்டுவிடுவார்களோ என்று எனக்குத்தான் கவலை.

"கடல் எப்படிம்மா இருந்துச்சுன்னு பொண்ணு கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் இந்தப் பக்கம் திரும்பி, சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து நீட்டினார்.

"இந்தா. அஞ்சு வேட்டி. நம்ம தெரு அயர்ன்காரருக்கு இருபதுதான் குடுக்குறோம்."

அந்த அம்மாள் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

"நான் தொவைச்சது கப்பல்லங்க. இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வரணும்."